இருந்த ஒயர் இருந்த இடத்தில்

"இந்த வேன் வாசல விட்டுப் போனாதான் எனக்கு நிம்மதி" என்றாள் காவேரி, நீளமான பிளக் ஸ்பேனரைக் கணவன் கையில் கொடுத்தபடி.

சிவராஜ் டிரைவர் சீட்டைத் தூக்கிவிட்டு, அதனடியில் இருந்த இன்ஜினுக்குள் தலையை விட்டிருந்தான். கேஸில் ஓடும் பெரிய வேன் அது. சம்பளத்துக்கு வைத்திருந்த டிரைவர் நின்றுபோனதிலிருந்து பெரும்பாலும் வாசலில்தான் நிற்கிறது. முசரவாக்கம் காசிநாதன் இன்று காலை வந்து பார்த்து, பிடித்திருந்தால் கையோடு ஓட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு.

அவர் போன் செய்த அன்று வரை வண்டி பட்டு மாதிரி ஓடியது. மறுநாளிலிருந்து இருமல்.

"மெக்கானிக் துரைக்கண்ணுவக் கூப்ட்டிருக்கலாம்" என்றான்.

"எதுக்கு? பிளக்குதான் போயிருக்கும். போன்ல பாத்து நாமளே மாத்திக்கலாம். லைசென்ஸ் எடுத்துட்டேன், காலேஜ் பொண்ணுங்கள ஏத்திக்கினு நானே ஓட்டறேன்னு சொன்னப்ப ஊரு சிரிக்கும்னீங்க. விக்கறதையாவது ஒழுங்கா வித்துத் தொலைங்க."

சிவராஜ் சைக்கிள் பம்பால் பிளக் குழிகளில் இருந்த தூசியை ஊதினான்.

"ஒயரை எல்லாம் மொத்தமா புடுங்கிடாதீங்க" என்றாள் காவேரி. "ஒண்ணக் கழட்டி, பிளக்க மாத்தி, அதே ஒயர அங்கயே சொருகுங்க. அப்புறம் அடுத்தது."

"எனக்கேவா? பாவு பிணைக்கிற கைடி இது."

அது உண்மைதான். தறியில் பாவு தீர்ந்துபோனால் பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழையை நேருக்கு நேர் பிணைக்க வேண்டும். அதில் சிவராஜை மிஞ்ச அந்தத் தெருவில் ஆளில்லை. அத்தனை ஆயிரம் இழையில் ஒன்றுகூட இடம் மாறாது. நாலு ஒயர் எம்மாத்திரம்?

புது பிளக்கை முதலில் விரலால் திருகினான். மரை சரியாகப் பிடித்த பிறகுதான் ஸ்பேனர் போட்டான். எந்த ஒயர் எங்கே இருந்ததோ, அங்கேயே போய் உட்கார்ந்தது.

கையைத் துடைப்பதற்குள் காசிநாதன் வந்துவிட்டார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது, குலுங்கியது, டப்பென்று ஒரு வெடி வெடித்தது. எதிர்வீட்டு நாய் எழுந்து போய் வேறு இடத்தில் படுத்துக்கொண்டது.

"பிளக்க மாத்திப் பாத்தியாபா?"

"இப்பதாண்ணே மாத்தினேன். நாலும் புதுசு." ஆதாரத்துக்குப் பழைய பிளக்குகளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான் சிவராஜ்.

"புது பிளக்கு போட்டும் இப்படி இழுக்குதுன்னா இன்ஜினே போச்சுன்னு அர்த்தம். நமக்கு வேணாம்பா." காவேரி கொடுத்த காபியை நிதானமாகக் குடித்தார். "காபி நல்லா இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போனார்.

சிவராஜ் வேனின் படியில் உட்கார்ந்தான். "இனிமே இத எவன் வாங்குவான்? எல்லாத்தையும் இருந்த மாதிரியேதானே போட்டேன்!"

"ஆமா. இருந்த மாதிரியேதான் போட்டீங்க."

காவேரி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். சீட்டைத் தூக்கினாள். முதல் இரண்டு ஒயர்களையும் உருவி, ஒன்றின் இடத்தில் மற்றதைச் சொருகினாள். சீட்டை இறக்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

இன்ஜின் பட்டு மாதிரி ஓடியது. நாய் தலையைக்கூடத் தூக்கவில்லை.

சிவராஜ் எழுந்து நின்றான். "எந்த ஒயரு மாறி இருக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மாத்தினதே நான்தான். ஏறுங்க, ஏனாத்தூர் காலேஜ் பொண்ணுங்க காத்துக்கினு இருக்கும்."