மூடிய அறையின் ரேடியேட்டர்

ஹாலிஃபாக்ஸில் அக்டோபர் மழை ஜன்னலில் வழிகிறது. வீட்டைச் சூடாக்கும் பாய்லரைச் சரிபார்க்க வந்த டெஸ்மண்ட் குழாய்களிலிருந்த பழைய தண்ணீரையெல்லாம் வடித்து, புதுத்தண்ணீர் நிரப்பிவிட்டு, மாடியில் மூடிக் கிடக்கும் கதவின் முன் நிற்கிறார். “இந்த ரூம் ஒண்ணுதாம்மா பாக்கி.” வினிஃப்ரெட் படியிலேயே நின்றுவிடுகிறாள். மகள் ரோசலிண்ட் இறந்த வாரம் அவள்தான் அந்த அறைக்குச் சூடு தரும் ரேடியேட்டரின் வால்வை இறுக மூடினாள். இரண்டு குளிர்காலம் போய்விட்டது. “அத மட்டும் விட்டுற முடியாதா?” “துருப்பிடிக்காம இருக்க மருந்து கலந்திருக்கேன். அது எல்லாத்துலயும் ஓடணும். இல்லேன்னா இது அரிச்சு ஒழுகும்மா, கீழ் ரூம் கூரையே ஊறிப்போயிடும்.” அவளே வந்து கதவைத் திறக்கிறாள். ரேடியேட்டரின் மேல் ஒரு பச்சைக் கம்பளிக் கழுத்துத்துணி உலரப்போட்டபடியே விறைத்துக் கிடக்கிறது. டெஸ்மண்ட் அதை இரண்டு விரலால் எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்க, அவள் வாங்கிக்கொள்கிறாள். அவர் வால்வைத் திறந்து, ஓரத்துத் திருகைச் சாவியால் தளர்த்துகிறார். அடைந்து கிடந்த காற்று நீளமாகச் சீறி வெளியேறுகிறது. பிறகு கறுத்த தண்ணீர் அவர் பிடித்திருக்கும் கந்தல் துணியில் சொட்டுகிறது. திருகை மூடுகிறார். குழாய் டிக் டிக்கென்று முனகுகிறது, இரும்பு அடியிலிருந்து மெல்லச் சூடேறுகிறது. “கை வச்சுப் பாருங்கம்மா.” அவள் வைக்கவில்லை. சூடு திரைச்சீலையையும் தலையணையையும் எட்டியதும், அறையெங்கும் ரோசலிண்டின் ஆப்பிள் ஷாம்பு வாசனை மெல்லியதாக எழுகிறது. வினிஃப்ரெட் மகளின் கட்டிலில் உட்கார்கிறாள். சாமான் பையோடு டெஸ்மண்ட் வெளியேறும்போது அவள் தலை நிமிராமல் சொல்கிறாள்: “கதவச் சாத்திட்டுப் போங்க, டெஸ்மண்ட். வாசன போயிடும்.”