வெண்பொங்கலுக்குத் தோதான பீர்

திருவேங்கடம் பாட்டிலைத் திறந்ததும் வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் ஒரே நேரம்.

திங்கட்கிழமை காலை. மணி ஒன்பது ஐந்து.

சுஷ்மிதாவைப் பெண் பார்க்க வருகிறவர்கள் பத்தரைக்கு வருவதாகத்தான் பேச்சு. பெண் இன்னும் தலைகூட வாரவில்லை.

பத்தரை என்று நேரம் குறித்தவரே திருவேங்கடம்தான். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் அவருக்கு இரவு ஷிப்ட். எட்டு மணிக்கு மாமல்லபுரத்தில் வீடு. எட்டரைக்குக் குளியல். ஒன்பதுக்கு ஒரு தட்டு வெண்பொங்கல், ஒரு சின்ன பாட்டில் பீர். ஒன்பதரைக்குள் எல்லாம் முடித்து, வாயில் நாலு ஏலக்காயைப் போட்டு மென்றுவிட்டால், பத்தரை மணிக்கு அவரைப் போல ஓர் உத்தமமான அப்பா செங்கல்பட்டு மாவட்டத்திலேயே கிடையாது.

காலையில் குடிக்கிற பீர் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஷிப்டில் யாராவது கேட்டால் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

ஸ்ட்ராங் கூடாது. அது சாயங்காலச் சமாச்சாரம். லைட்தான் சரி. கடை திறப்பது பகல் பன்னிரண்டுக்கு என்பதால் முந்தின நாளே வாங்கி, வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்திருக்க வேண்டும். கடையில் கொடுக்கும் கூலிங்கை நம்பி உருப்பட்டவன் எவனும் இல்லை. சாம்பார் கிட்டேயே வரக் கூடாது, புளிப்பும் கசப்பும் வயிற்றுக்குள் சண்டை போடும். பொங்கலில் இருக்கிற மிளகும் நெய்யும் போதும்.

இதெல்லாம்கூடச் சில்லறை விஷயம். குடிக்கிறவன் ராத்திரி தூங்கியிருக்கக் கூடாது, அதுதான் முக்கியம். தூங்கி எழுந்தவன் காலையில் குடித்தால் குடிகாரன். தூங்காதவன் குடித்தால் அது அவனுடைய ராத்திரிச் சாப்பாடு.

இவ்வளவு தெரிந்த மனிதருக்கு எமகண்டம் தெரியவில்லை.

திங்கட்கிழமை இராகு காலம் ஒன்பதோடு முடிந்துவிடும் என்று பார்த்தவர், பத்தரைக்கு எமகண்டம் ஆரம்பிப்பதைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டார்கள். செங்கல்பட்டிலிருந்து சீக்கிரமே கிளம்பி வந்து, தெருமுனையில் காரை நிறுத்தி, ஒன்பது அடிக்கும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்து, இராகு காலம் முடிந்த கையோடு வாசலுக்கே காரைக் கொண்டுவந்து இறங்கிவிட்டார்கள்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி ஜோதிலட்சுமி எட்டிப் பார்த்தாள். அவள் பார்த்த பார்வைக்கு அந்தப் பாட்டில் தானாகவே நகர்ந்து பீரோவுக்குப் பின்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை.

ஒன்பது வரன்களைத் தட்டிக் கழித்தவள் சுஷ்மிதா. இந்தப் பையன் தீனதயாளனிடம் இரண்டு முறை ஃபோனில் பேசிவிட்டு, "சரிப்பா" என்றிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காகத் திருவேங்கடம் இரண்டு வருடம் காத்திருந்தார்.

பையனின் அம்மா சரோஜா, ஆஸ்பத்திரியில் நர்ஸ். குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறவர்களை இருபத்தைந்து வருடமாகத் தூக்கி உட்காரவைத்த கை. வாசற்படியிலேயே மோப்பம் பிடித்துவிடுவார்.

பாட்டிலை மேசைக்கு அடியில் தள்ளலாம். துண்டைப் போட்டு மூடலாம். திருவேங்கடம் இரண்டும் செய்யவில்லை. ஒளித்தால் தப்பு செய்ததாக ஆகிவிடும். அவர் தப்பு செய்யவில்லை.

எழுந்து கும்பிட்டார். "வாங்க, வாங்க."

வந்தார்கள். தீனதயாளன் தரையைப் பார்த்தான். அவன் அப்பா அருணகிரி சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் படிக்க ஆரம்பித்தார். சரோஜா மட்டும் நேராகச் சாப்பாட்டு மேசைக்கு வந்து நின்றார். பொங்கல், பாட்டில், காலி டம்ளர். மூன்றையும் வரிசையாகப் பார்த்தார்.

"நைட் ஷிப்ட்டுங்க. காத்தால வூட்டுக்கு வந்து ஒண்ணே ஒண்ணு, அவ்ளோதான். பத்தொம்பது வருசமா இப்டித்தான்," என்றார் திருவேங்கடம்.

குரல் கம்பீரமாகத்தான் வந்தது. உள்ளுக்குள் பயத்தில் செத்துக்கொண்டிருந்தார். இந்தப் பாழாய்ப்போன பொங்கலை ஒரு நாள், ஒரே ஒரு நாள், வெறும் பொங்கலாகத் தின்றிருந்தால்தான் என்ன?

சரோஜா பாட்டிலை எடுத்தார். மருந்து பாட்டிலைப் படிப்பதுபோல லேபிளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். கீழே வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"லைட்டுதான? நானும் நைட்டு டூட்டி முட்ச்சுகினு, அங்கியே பொடவைய மாத்திகினு நேரா வரேன். நாலு பிரசவம். கண்ணு எரியுது. எனக்கும் அரை டம்ளர் ஊத்துங்க, சம்பந்தி."

அருணகிரி நாள்காட்டியிலிருந்து திரும்பவே இல்லை. இது அவருக்குப் புதிதல்ல என்று முதுகே சொன்னது.

திருவேங்கடம் பாட்டிலுக்குக் கை நீட்டினார்.

அதற்குள் ஜோதிலட்சுமி ஒரு டம்ளரோடு வந்து நின்றாள். பத்தொன்பது வருடமாகக் காலி பாட்டிலைக்கூடத் துடைப்பத்தால் தள்ளுகிறவள், பாட்டிலைக் கையில் எடுத்தாள். டம்ளரைச் சற்றே சாய்த்துப் பிடித்து, நுரை ஏறாமல், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், சரியாக அரை டம்ளர் ஊற்றி வைத்தாள்.

எங்கே கற்றுக்கொண்டாய் என்று திருவேங்கடம் இன்றுவரை கேட்கவில்லை.