அடுப்பை அணைத்த பிறகு

மூன்றாவது தட்டுதான் பச்சையாக வந்தது.

முதல் இரண்டும் கறுத்துவிட்டன. கொதிக்கிற பாகிலேயே பொடியைக் கொட்டியிருந்தாள். பர்ஃபி சாணி நிறத்தில் இறுகிக் கிடந்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை. இரண்டு நாள் காலைப் பலகாரமே அதுதான்.

மாட்சா. ஜப்பான்காரர்களின் பச்சைத் தேயிலைப் பொடியாம். போன மாதம் வரை அந்தப் பெயரே அவளுக்குத் தெரியாது.

"இப்பல்லாம் நான் மாட்சாதாம்மா குடிக்கிறேன்" என்று மகள் போனில் சொன்னாள்.

யார் போட்டுத் தருகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. மறுநாளே ஆர்.எஸ்.புரத்தில் நாலு கடை ஏறி இறங்கி, விரல் நீளத்துக்கு ஒரு டப்பா வாங்கி வந்தாள்.

கத்தியில் நெய் தடவி வில்லைகள் போட்டாள்.

இன்று இரண்டாம் சனிக்கிழமை. பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை மகள் மிதுலா இங்கே. மற்ற நாளெல்லாம் அப்பா வீட்டில். அங்கே சித்தி இருக்கிறாள்.

வரும் வியாழக்கிழமை நீதிபதி மிதுலாவைத் தனியே அழைத்துக் கேட்பார். யாரோடு இருக்க விருப்பம்?

பதினொரு வயதுப் பெண் சொல்லப்போகிற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் வேலை தேடினாள், வீடு பார்த்தாள். ஜன்னலோரம் ஒரு சின்னக் கட்டில் வாங்கிப் போட்டாள்.

அதில் இன்னும் யாரும் படுத்ததில்லை.

மிதுலா வந்தாள். ஒரு மாதத்தில் ஒரு பிள்ளை இவ்வளவா வளரும்?

மகளுக்காகப் பாலைச் சுட வைத்து, பொடியைப் போட்டு, மோர் கடையும் மத்தால் கடைந்தாள். மேடையெல்லாம் பச்சைத் துளிகள்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அம்மா, மத்தா! இதுக்குன்னே மூங்கில்ல ஒண்ணு இருக்கு. சித்திகிட்ட..."

நிறுத்திக்கொண்டாள்.

அவள் காதில் விழாதது போல டம்ளர்களில் ஊற்றினாள். இருவரும் ஊதி ஊதிக் குடித்தார்கள். கசந்தது. நன்றாக இருக்கிறது என்று மகளிடம் சொன்னாள்.

மகள் பர்ஃபியைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதுக்கும் கை நீண்டது.

வியாழக்கிழமையைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. பேசவே வேண்டாம், பிள்ளை வந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

டம்ளர்களைக் கழுவிவிட்டுத் திரும்பினாள்.

மகள் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கைக்குட்டையில் இரண்டு வில்லைகளை வைத்து மடித்து, பையின் அடியில், நோட்டுகளுக்குக் கீழே செருகிக்கொண்டிருந்தாள்.

அவள் பார்த்துவிட்டாள். பார்த்ததை மகளும் பார்த்துவிட்டாள்.

"அப்புறமா சாப்பிடலாம்னு..."

பொய் சொன்னால் மிதுலாவுக்குக் காது சிவந்துவிடும். மூன்று வயதிலிருந்தே அப்படித்தான்.

யாருக்கு என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. வியாழக்கிழமை என்ன பதில் வரும் என்பதும் தெரிந்துவிட்டது.

வலித்தது. அம்மாவுக்குத் தெரியாமல் ஒளித்து எடுத்துப் போக வேண்டியிருக்கிறதே என்று, பிள்ளையை நினைத்தும் வலித்தது.

கைக்குட்டையை எடுத்துப் பிரித்தாள். இரண்டு வில்லைகளும் நசுங்கியிருந்தன. மகள் தலை குனிந்துகொண்டாள்.

அலமாரியிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். ஓரம் உடையாத வில்லைகளாகப் பார்த்துப் பார்த்து அடுக்கினாள். மீதமிருந்த பொடி டப்பாவையும் பைக்குள் வைத்தாள்.

வாசலில் கார் ஹார்ன் கேட்டது.

பையை மகளின் தோளில் மாட்டிவிட்டு, முடியை ஒதுக்கிவிட்டாள்.

"சித்திகிட்டச் சொல்லு கண்ணு. அடுப்ப அணைச்சதுக்கப்புறம்தான் பொடியப் போடோணும். இல்லீன்னா கறுத்துப் போயிரும்."