ஸ்டார் சாகக் கூடாது

"ஆறாவது ரீல்ல அவர் செத்துப்போறாருங்க முதலாளி," என்றார் ஆபரேட்டர் மஸ்தான்.

காளியப்பன் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். அரூரில் அவருடைய டூரிங் டாக்கீஸில் அன்று மாலை புதுப்படம். புதுப்படம் என்றால் அரூருக்குப் புதிது. அசலில் அது பத்துப் பன்னிரண்டு வருடத்துப் பழைய சீனக் குங்ஃபூ படம், செலவில்லாமல் எடுத்தது. அதில் நடித்தபோது யாரென்றே தெரியாமல் இருந்த ஆள், இந்த எண்பத்தாறில் மெட்ராஸிலேயே நூறு நாள் படம் ஓடுகிற ஸ்டார். அந்த ஒரே காரணத்துக்காகச் சேலத்து விநியோகஸ்தர் படப்பெட்டியைத் தூசி தட்டி அனுப்பியிருந்தார். மொரப்பூர் ரோடு வரை எல்லாச் சுவரிலும் ஸ்டாரின் தலைமுடி பறக்கிற போஸ்டர் ஒட்டியாகிவிட்டது.

"சரியாப் பாத்தீங்களா பாய்?"

மஸ்தான் நன்றாகவே பார்த்திருந்தார். பெட்டி வந்தால் கொட்டகைக் கதவுகளைச் சாத்திவிட்டு, எல்லா ரீலையும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். ஆறாவது ரீலில் வில்லனை அடித்துக் கீழே தள்ளிவிட்டு அவர் திரும்புகிறார். விழுந்தவன் எழுந்து முதுகில் குத்திவிடுகிறான். அதற்கப்புறம் மூன்று ரீலுக்கு எங்கிருந்தோ ஓர் ஒல்லித் தம்பி வந்து, அண்ணன் சமாதியில் ஊதுபத்தி கொளுத்திவிட்டு, அழுதுகொண்டே சண்டை போடுகிறான்.

காளியப்பனுக்கு இன்னும் நப்பாசை விடவில்லை. "பெட்டியோட வந்த போட்டோவுல பாத்தா எல்லாரும் முன்மண்டையைச் செரைச்சுப் பின்னால சடை போட்டிருக்காங்க. அவர்தான்னு எப்பிடிச் சொல்றீங்க?"

"மொத ரீல்ல ஒரு அம்மா காய் விக்குதுங்க. ரவுடிக் கூட்டம் கூடையை எட்டி ஒதைக்குது. ஓடியாந்து அத்தனை பேரையும் அடிச்சுப்போட்டு, அம்மா கையில சோறு வாங்கித் திங்கறது யாருங்க? அவர்தானுங்களே."

அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. முப்பது வருடமாகப் படம் காட்டுகிற காளியப்பனுக்கு, அம்மாவுக்காகக் கை ஓங்குகிறவன் யார் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

போன தீபாவளிக்குப் போட்ட படத்தில் கதாநாயகன் கடைசியில் செத்தான் என்பதற்காக ரசிகர்கள் திரையைக் கிழித்துவிட்டார்கள். கிழிசலைத் தைத்த தையல் இன்றைக்கும் எல்லா நடிகர்கள் நெற்றியிலும் கோடாக விழுகிறது. கொட்டகை லைசென்ஸ் இந்த மாதத்தோடு முடிகிறது. இன்னொரு கலாட்டா என்று காதில் விழுந்தால் புதுப்பிக்க மாட்டேன் என்று தாசில்தார் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிற மனுஷர்.

"என்ன செய்வீங்களோ தெரியாது பாய். என் கொட்டாயில அவர் சாகக் கூடாது."

மஸ்தான் கத்தரியும் பிலிம் ஒட்டுகிற சிமெண்டுமாக உட்கார்ந்தார். ஆறாவது ரீலை வில்லன் விழுகிற இடத்தோடு நறுக்கினார். ஏதோ பழைய தமிழ்ப் படத்திலிருந்து எடுத்து வைத்திருந்த 'சுபம்' துண்டை அங்கே ஒட்டினார். ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் ஒரு தகர டப்பாவுக்குள் போயின. நேரத்தை நிரப்ப முன்னால் இரண்டு நியூஸ் ரீல். மிச்சத்துக்குக் கவலை வேண்டாம், சண்டை வந்தால் 'ஒன்ஸ் மோர்' கேட்காமலா இருப்பார்கள் என்றார்.

முதல் நாள் காளியப்பன் உள்ளே உட்காரவில்லை. வாசலில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். கூடை உருண்டதும் விசில் கிளம்பியது. ஒன்ஸ் மோர் கேட்டார்கள், மஸ்தான் போட்டார். மறுபடி கேட்டார்கள், மறுபடி போட்டார். சுபம் விழுந்ததும் கைதட்டினார்கள். திரை மேல் ஒரு கல்கூட விழவில்லை.

இரண்டாம் நாள் பெண்கள் கூட்டமும் சேர்ந்துகொண்டது. பெற்றவளை இப்படித் தாங்குகிற பிள்ளை நம் ஊரில் எத்தனை பேர் என்று, பெண்கள் பக்கம் டிக்கெட் கொடுக்கும் சாலம்மாளிடம் கேட்டுவிட்டுப் போனார்களாம். மூன்றாம் நாள் தாசில்தாரே குடும்பத்தோடு வந்தார். அவரும் சிரித்த முகமாகத்தான் போனார்.

நாலாம் நாள் காலை லைசென்ஸ் கைக்கு வந்தது. அதைக் காளியப்பன் மடித்துப் பையில் வைக்கும்போதுதான், பெட்டியை எடுத்துப்போக விநியோகஸ்தரின் ஆள் சவுரியப்பன் சேலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். சந்தோஷத்தில் காளியப்பனுக்கு வாய் நிற்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க. உங்க படத்துல கொஞ்சம் கை வெச்சுட்டோம். ஸ்டார் சாகாமப் பாத்துக்கிட்டோம்."

சவுரியப்பன் அவரையும் பக்கத்தில் நின்ற மஸ்தானையும் மாறி மாறிப் பார்த்தார். "அவர் எங்கீங்க சாவறார்? கடைசியில வில்லனைக் கொல்றதே அவர்தானுங்களே."

"அப்ப, அம்மா கையில சோறு வாங்கித் திங்கறவரு?" என்றார் மஸ்தான்.

"அவன் யாரோங்க. அந்த ஒரு படத்தோட சரி. பேருகூட எங்களுக்குத் தெரியாது. நம்ம ஸ்டார் அப்ப ஒல்லிக்குச்சி. தம்பி வேஷம். கடைசி மூணு ரீல்லதான் வருவார்."

அரூரே மூன்று நாள் விசிலடித்தது அந்தப் பேர் தெரியாத மனுஷனுக்குத்தான். காளியப்பனும் மஸ்தானும் மேஜைக்கு அடியில் இருந்த தகர டப்பாவைப் பார்த்தார்கள்; ஸ்டார் உயிருக்கு ஒரு ஆபத்தும் இல்லாமல் மூன்று நாளும் அதற்குள்தான் இருந்திருக்கிறார்.