வெள்ளாடு வாங்கிய சைக்கிள்

ஒன்பது மைலுக்கு அப்பாலுள்ள தபால் நிலையத்தில் வெள்ளாடு ஒன்றிற்கு வேலை கிடைத்தது. காலை எட்டு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் வேலை போய்விடும். மார்கழி மாதமோ பிறந்துவிட்டது. ஆகவே ஆடு ஒரு சைக்கிள் வாங்கப் புறப்பட்டது.

"இந்தக் கறுப்பு வண்டியை எடுத்துக்கொள்ளும். பனிக்கும் சேற்றுக்கும் அஞ்சாது" என்றார் கடைக்காரக் கரடியார்.

"என்னை எடுத்தால் வழியெல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள்" என்றது சிவப்பு வண்டி.

"விடியற்காலைப் பனியில் பார்ப்பதற்கு எவனம்மா நிற்பான்?" என்றது கறுப்பு வண்டி.

ஆட்டின் கண் சிவப்பைவிட்டு அகலவில்லை. அதையே வாங்கியது.

மறுநாள் விடியலில் ஏறி அமர்ந்தது. சீட்டின் மேலிருந்த கண்ணாடித்தாளைக்கூட அது கிழிக்கவில்லை. நாலு மிதி மிதிப்பதற்குள், "ஐயோ, நனைகிறேனே! துருப்பிடித்துவிடுமே!" என்று வண்டி அலறியது. ஆட்டிற்கு மனம் பொறுக்கவில்லை. இறங்கித் தன் கம்பளியை அதற்குப் போர்த்தியது. சேறு வந்ததும் தோளில் தூக்கிக்கொண்டது.

நடுங்கியபடி அலுவலகத்தை அடைந்தபோது மணி பத்தரை.

"எதில் வந்தீர்?" என்றார் அதிகாரி ஆமையார்.

"சைக்கிளில்தான், ஐயா" என்று ஆடு வண்டியை மெல்லக் கீழே இறக்கியது.

ஆமையார் அதை நெடுநேரம் பார்த்தார். "முதல் நாள் என்பதால் பொறுத்தேன். நாளை அதை வீட்டில் விட்டுவிட்டுச் சீக்கிரம் வாரும்."

ஆடு பதறிப்போயிற்று.

"வீட்டில் விட்டால் எலி சீட்டைக் கடித்துவிடுமே, ஐயா!"