பருப்புக்கீரைக்கு வந்த ரோஷம்

கிட்ட வந்து உட்காருங்க, இது ஒரு ரோஷக்காரக் கீரையோட கதை.

ஈர வரப்பில் பருப்புக்கீரையும் அம்மான் பச்சரிசி என்கிற களைச்செடியும் பின்னிப் படர்ந்து கிடந்தன. இரண்டுக்கும் சிவப்புத் தண்டு. பசித்த குஞ்சுகளோடு வந்த கோழிக்கு எது தின்னுகிற கீரை என்று புரியவில்லை. தப்பானதைக் கொத்தினால் குஞ்சுகளுக்கு வயிறு கெட்டுவிடும். பருப்புக்கீரையோ கொத்துக்குப் பயந்து மூச்சுக் காட்டவில்லை.

கோழி குத்துமதிப்பாக அம்மான் பச்சரிசியைப் பார்த்து, "பருப்புக்கீரை மகராசி, சௌக்கியமா?" என்றது.

"உங்க புண்ணியத்துல சௌக்கியம்தான் அக்கா," என்றது அது, கூசாமல்.

பருப்புக்கீரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடி திருட்டுக் கழுதை! என் பேரு உனக்கா? கோழியக்கா, அவ தண்டைக் கிள்ளிப் பாருங்க, பால் வடியும். எங்க குடும்பத்துல யாருக்கும் பால் கிடையாது. என் இலையைத் தொட்டுப் பாருங்க, எவ்வளவு சதைப்பற்று! நான்தான் அசல் பருப்புக்கீரை!"

"அப்படியா தாயி," என்ற கோழி, திரும்பிக் குஞ்சுகளைக் கூப்பிட்டது.