தண்ணீருக்கு நன்றிப் பூசை

"இன்றைய திருப்பலி, கிணற்றில் தண்ணீர் தந்த ஆண்டவருக்கு நன்றியாக, சூசை - அருள்மேரி குடும்பத்தார் ஒப்புக்கொடுப்பது" என்று வாசித்த சாமியார், சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

பின்பக்கம் ஒன்றுமில்லை. எங்கள் கிணற்றிலும் ஒன்றுமில்லை.

அது அவருக்கே தெரியும். போன மாதம்தான் வந்து, நாற்பத்திரண்டு அடிப் பள்ளத்தை எட்டிப் பார்த்து, தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனார். அந்தக் கிணறு இதுவரை கண்ட தண்ணீர் அதுதான்.

ஆண்கள் பக்கம் யாரோ செருமினார்கள். பிறகு கோயில் முழுக்கச் சிரிப்பு பரவியது.

லத்தீனில் பூசை நடந்த காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. வீட்டுக் குறை எதுவானாலும் சாமியாருக்கும் ஆண்டவருக்கும் நடுவில் முடிந்துவிடும். தமிழ் வந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது எங்கள் வீட்டு விஷயம் மத்தியானத்துக்குள் பாகலூர் வரை போய்விடுகிறது.

"அக்கா, அந்தத் தண்ணில எங்க வூட்டுத் துணியையும் தொவச்சுக்கட்டுமா?"

பக்கத்து வீட்டு ஆரோக்கியசெல்வி. கோயிலில் ரகசியம் பேசுவதற்கென்று அவளுக்கு ஒரு குரல் உண்டு. அது பீடம் வரை கேட்கும்.

முக்காட்டுக்குள் அம்மாவின் முகம் எனக்குத் தெரியவில்லை. நான் கூரையைப் பார்த்து, ஓடுகளில் வெளிச்சம் வரும் பொத்தல்களை எண்ண ஆரம்பித்தேன்.

இரண்டு வருடமாக மழை இல்லை. ராகி கருகியது. ரேஷனில் வரும் அமெரிக்கக் கோதுமைதான் சோறு. கிணறு வெட்டும் வெங்கடப்பன், 'நீள்ளு லேவு' என்று தெலுங்கிலும் 'நீரு இல்லா' என்று கன்னடத்திலும் சொல்லி முடித்திருந்தார். தமிழில் சொல்வதற்கு முன் ஒரு வெடி பாக்கி வைத்திருந்தார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. அதுதான் கடைசி வெடி.

அதிலும் தண்ணீர் வராவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடகுக் காப்பித் தோட்டத்துக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. பெங்களூரில் நான் படிக்கும் பி.ஏ.யையும் அதே பூட்டில் பூட்டிவிட வேண்டியதுதான்.

அப்பா அன்று பூசைக்கு வரவில்லை. பாறை எங்கேயாவது எழுந்து போய்விடும் என்பதுபோலக் கிணற்றடியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா அருள்மேரி, தண்ணி வந்துடுச்சா?" என்று பீடத்திலிருந்தே கேட்டார் சாமியார்.

அம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். வேலைக்கும் சண்டைக்கும்தான் அப்படிச் செருகுவாள். ஒரு தடவை ஆண்கள் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் பதினேழாவது பொத்தலில் இருந்தேன்.

"இன்னும் இல்லீங்க சாமி" என்றாள் அம்மா. "நாளைக்கு வருதுங்க."

"நாளைக்கு வர்றதுக்கு இன்னைக்கே நன்றியா?"

"தண்ணி வந்துட்டா எறைக்கறதுக்கே பொழுது சரியா இருக்குமுங்க சாமி. பூசைக்கு எங்க வர்றது? அதான் கையோட சொல்லிப்புட்டேன்."

சாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிதானமாகத் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, அதே சீட்டை முதல் எழுத்திலிருந்து இன்னொரு தடவை வாசித்தார். இந்தத் தடவை சத்தமாக.

யாரும் சிரிக்கவில்லை. ஆரோக்கியசெல்விகூட ஆமென் சொன்னாள்.

பூசை முடிந்து ஏரிக்கரை வழியாக நடந்தோம். ஏரியில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அம்மா முன்னால் விறுவிறுவென்று போனாள். எப்போது திட்டு விழும் என்று நான் இரண்டடி தள்ளியே வந்தேன்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சனிக்கிழமை அவள் என்னிடம் சொன்னது, "தண்ணி குடுங்க ஆண்டவரேன்னு நல்லா கெஞ்சி எழுதுடா" என்பதுதான். சீட்டுகளை வாசிப்பதற்கு முன் சாமியார் ஒரு தடவையாவது படித்துப் பார்க்கிறாரா என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். ஒரு சோதனைக்காக மாற்றி எழுதினேன்.

படிப்பதில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது.

மதகுக்குப் பக்கத்தில் அம்மா நின்றாள்.

"நான் கெஞ்சச் சொன்னேன். நீ நன்றின்னு எழுதிட்ட. அப்படி எழுத வெச்சது யாருன்னு நெனைக்கிற?"

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். தர்க்கத்தில் எனக்கு அறுபத்தெட்டு மார்க். ஆனால் முந்தானை இன்னும் இடுப்பில்தான் இருந்தது.

"நாளைக்குக் காலேஜுக்குப் போகாத" என்றாள். "எறைக்க ஆள் வேணும்."

மத்தியானம் உட்கார்ந்து கல்லூரி முதல்வருக்கு விடுப்புக் கடிதம் எழுதினேன். எங்கள் கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டபடியால், இறைக்கும் வேலை இருப்பதால், மூன்று நாள் விடுப்பு தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொண்டேன்.

'வந்துவிட்டபடியால்' என்ற இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தேன். அடிக்கவில்லை. கீழே ஞாயிற்றுக்கிழமைத் தேதியைப் போட்டு, மத்திகிரிக்கு நடந்தேன்.

தபால் பெட்டியில் போடுவதற்கு முன் ஒரே ஒரு திருத்தம் செய்தேன். மூன்று நாள் என்பதை அடித்துவிட்டு, ஒரு வாரம் என்று எழுதினேன்.